ஏழாம் எண்ணுக்கு ஆள் இல்லை

இடது காதுக்குக் கீழே, தாடை முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலுக்கடியில் உருண்டையாக ஒன்று இருந்தது. தொட்டால் நகர்ந்தது. வலிக்கவில்லை. மில்லின் பரிசோதனைக் கூடத்தில் மதிய இடைவேளையின்போது யாரும் இல்லாத நேரம் பார்த்து, வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கழுத்தில் வைத்து அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அடுத்த வாரம் பதினான்கு. அதற்கடுத்த வாரம் பதினேழு. அப்புறம்தான் அம்மாவிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் அளந்துகொண்டிருந்தது என் முதல் தவறு. இதே மாதிரி ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், அளக்க வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள். மற்றபடி என்னென்ன செய்வார்கள், எது வலிக்கும், எது வலிக்காது என்பதை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். மனம் இருந்த நிலையை மட்டும் அவ்வளவு வரிசையாகச் சொல்ல முடியாது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். திண்டுக்கல்லிலிருந்து காலை ஆறு மணிக்கு மில் பஸ். நூலின் வலு எவ்வளவு, முறுக்கு எவ்வளவு, எங்கெங்கே தடித்திருக்கிறது என்று நாள் முழுக்கச் சோதித்து எழுதுவதுதான் வேலை. வீட்டில் அம்மா, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு வயது மகள். அப்பா நான் பாலிடெக்னிக் படிக்கும்போதே போய்விட்டார்.

முதலில் பார்த்த டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். கட்டி அசையவில்லை. பிறகு ஒரு சர்ஜனிடம் அனுப்பினார். சாயங்காலம் ஆனால் லேசாகக் காய்ச்சல் வருகிறது என்பதையும், மில் எடைமேடையில் நான் நான்கு கிலோ குறைந்திருப்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்கிற டாக்டரைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சோதனைகள் நான்கு. ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்ப்பது ஒன்று. ஊசி போடுவதைவிட அதிகமாக வலிக்காது. இரண்டாவது, ரத்தத்தை மெல்லிய குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகிறது என்று பார்ப்பது. உடம்புக்குள் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் வேகமாகப் படியும். எனக்கு மிக வேகமாகப் படிந்தது. மூன்றாவது, முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டு, மூன்றாம் நாள் அது வீங்கியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பது. வீங்கியிருந்தது. "நம்ம ஊர்ல நெறையப் பேருக்கு இது வீங்கும்மா. இத மட்டும் வச்சு ஒன்னும் சொல்ல முடியாது" என்றார் சர்ஜன். நான்காவது எக்ஸ்ரே. நெஞ்சு சுத்தமாக இருந்தது.

ஊசியில் எடுத்ததற்கு வந்த அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: மாதிரி போதவில்லை. இதே வரியை நானே மில்லில் எத்தனையோ தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

"கட்டியையே எடுத்துப் பாத்துரலாம்" என்றார் சர்ஜன். "கழுத்துல நெறைய கணுக்கள் இருக்கும். உடம்புக்குள்ள வாற கிருமியப் பிடிச்சு வைக்கிற வடிகட்டி மாதிரி. அதுல ஒன்னு பெருத்திருக்கு. காரணம் ரெண்டுல ஒன்னு. டிபியா இருக்கலாம். இல்லேன்னா அந்தக் கணுவுலயே வாற புத்துநோய்."

"ரெண்டாவதா இருந்தா?"

"மொதல்ல ரிசல்ட் வரட்டும். அப்பறம் பேசுவோம்."

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும், "என்னடி சொன்னாரு?" என்று கேட்கவில்லை. "எதா இருந்தாலும் ஞாயித்துக்கெழமைக்கு மேல வைக்கச் சொல்லிக் கேட்டியா?" என்று கேட்டார். அந்த மாதக் கடைசி ஞாயிறு செம்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

*

என் தையல் மாதிரிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளியில் கைவேலை வகுப்பில் ஆரம்பித்தது, வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. தலையணை உறையோ மேசை விரிப்போ நான் போடுவதில்லை. இழை எண்ணித் தைக்க வசதியாகக் கட்டம் கட்டமாக நெய்த ஒரு துண்டு மேட்டித் துணியில் ஒரே வகைத் தையலை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை விதம் உண்டோ அத்தனையையும் வரிசை வரிசையாகப் போட்டுப் பார்ப்பேன். சங்கிலித் தையலுக்கு ஒரு துணி, மீன்முள் தையலுக்கு ஒன்று, முடிச்சுகளுக்கு ஒன்று. ஒரு துணி முடிய ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும். மொத்தம் பதினொன்று முடித்திருந்தேன். பதினொன்றும் மடித்தபடி பெட்டியில் கிடந்தன.

அவற்றை அட்டையில் ஏற்றிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்றது அம்மாதான். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். கிளியோ நாய்க்குட்டியோ பூந்தொட்டியோ கண்ணாடிக்குள் தொங்கும். "எல்லாம் பாப்பா போட்டதுதேன்" என்று சொல்லப்படும். என்னிடம் கிளி இல்லை. "கோடு கோடாப் போட்டு வச்சிருக்கா. என்னத்தச் சொல்ல, இதையாச்சும் மாட்டுவோம்" என்றார் அம்மா.

சட்டம் போடும் கடையில் கொடுத்தால் துணியை மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டினால் பூச்சி அரிக்கும், துணி பழுப்பாகும். அதனால் நானே செய்கிறேன் என்றேன். அண்ணன் அட்டைகளை அளவாக வெட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணிகள், அட்டைகள், நூல்கண்டு, குண்டூசி எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் படுக்கையில் சும்மா கிடக்க என்னால் முடியாது.

மூன்று நாள் ஒன்பது நாள் ஆனது.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுத்தை மட்டும் மரக்க வைத்தார்கள். வலிக்கவில்லை. இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தது. முகத்தின் மேல் பச்சைத் துணி போட்டிருந்தார்கள். அதன் நெசவை எண்ணிக்கொண்டு கிடந்தேன். எடுத்த கணுவை ஒரு பாட்டிலில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டு அண்ணன் கையில் கொடுத்தார்கள். அதை மதுரையில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு நாமேதான் கொண்டுபோக வேண்டுமாம். அண்ணன் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, பஸ்ஸில் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"பக்கத்துல உக்காந்தவரு ஊறுகாயான்னு கேட்டாராமுங்க" என்று மதினி வந்து சொன்னார். "உங்க அண்ணன் ஆமாங்கன்னுட்டாராமா. எந்த ஊரு ஊறுகான்னு அந்தாளு மதுரை வரைக்கும் விடலையாமா."

தையல் போட்ட கழுத்தோடு சிரிக்கக் கூடாது. சிரித்தேன்.

மதினிக்கு ஒட்டன்சத்திரம். அவருடைய அப்பா அங்கே காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். என்னைவிட ஒரே வயதுதான் மூத்தவர் என்றாலும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். கிண்டலுக்கும் அதே மரியாதைதான். கல்யாணமாகி வந்து நான்கு வருடத்தில் நாங்கள் இருவரும் நெருங்கிப் பழகியதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஆஸ்பத்திரியில் என்னோடு தங்கியது மதினிதான். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, எனக்குத் தலை வாரி, இட்டிலியைப் பிட்டு ஊட்டி, என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காயத்தில் சீழ் வைத்தது. காய்ச்சல் கூடியது. வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்கள். மதுரையிலிருந்து முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றும் சொன்னார்கள். திசுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுவார்கள். காத்திருக்க வேண்டிய நாட்களுக்கு நான் ஒரு கட்டம் போட்டு வைத்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தை அடிப்பது. மூன்றாம் கட்டத்திலேயே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் கட்டைப்பையை எடுத்தேன். வேலை இதுதான்: அட்டைக்கு முதலில் பழைய வெள்ளை வேட்டித் துணியை உறையாகப் போட வேண்டும். அதன் மேல் மாதிரியை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, விளிம்பில் குண்டூசி குத்திக்கொண்டே போக வேண்டும். நூலோட்டம் வளையாமல் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அட்டையின் பின்பக்கம் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கெட்டி நூலால் மாற்றி மாற்றி இழுத்துக் கட்டவேண்டும், கயிற்றுக்கட்டில் பின்னுகிற மாதிரி. அதே போல வலமும் இடமும். பசையே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் நூலை அறுத்துத் துணியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக் கட்டிலில் தைராய்டுக் கட்டிக்கு வந்திருந்த ஒரு அக்கா இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, இம்புட்டும் யாருக்கு?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லக்கா. நான் போட்டது."

"போட்டது சரி. யாருக்கு?"

நான் அடுத்த குண்டூசியை எடுத்துக் குத்தினேன். அன்று சாயங்காலம் காய்ச்சல் நூற்றிரண்டு. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னுடைய சேலைகளை அம்மா கொடுத்துவிடுவார், தோட்டை மதினியின் மகளுக்கு வைப்பார். இந்தப் பதினொன்றை? பெட்டியில் போட்டு வைப்பார்கள். பிறகு என்றாவது வீடு ஒதுக்கும்போது, கரித்துணி இல்லையே என்று தேடுகிற யாராவது ஒருவர் கையில் அது கிடைக்கும்.

காலையில் சீட்டுகள் எழுதினேன். மில்லில் ஒவ்வொரு மாதிரிக்கும் சீட்டு ஒட்டுவது எங்கள் பழக்கம். எண், தையல் வகை, துணி, ஆரம்பித்த தேதி, முடித்த தேதி. கடைசி வரியாக, "எனக்குப் பின்" என்று போட்டு ஒரு பெயர். அட்டைகளின் பின்பக்கம் ஒட்டினேன். மதினி குழாயடிக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் எழுதினேன்.

பத்துக்கு ஆள் கிடைத்தது. பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ரோஸ்லினுக்கு இரண்டு. பள்ளியில் கைவேலை எடுத்த டீச்சருக்கு இரண்டு. அண்ணன் மகளுக்கு நான்கு. பாலிடெக்னிக் தோழிகளுக்கு இரண்டு. ஏழாம் எண்ணுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஏழாம் எண் இரட்டை ஓட்டுத் தையல். முதலில் ஒன்று விட்டு ஒன்றாக ஓடிப் போய், திரும்பி வரும்போது விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். சரியாகப் போட்டால் துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. முடிச்சு தெரியாது. பதினாலு மாதம் ஆனது. அதை அட்டையில் ஏற்றினால் ஒரு பக்கம் மறைந்துவிடும் என்பதால், அட்டையின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, ஓரச்சட்டத்தில் மட்டும் துணியைத் தைத்து நிறுத்தினேன். சீட்டை அந்தச் சட்டத்தின் பின்பக்கம், கீழ் ஓரத்தில் ஒட்டினேன்.

முதலில் அண்ணன் மகள் என்று எழுதி அடித்தேன். அவள் வளர்வதற்குள் என்னவாகுமோ. ரோஸ்லின். அவள் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். டீச்சர். அவருக்கே எழுபது. கடைசியில் மதினியின் பெயரை எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து அதையும் அடித்தேன். டிவி மேல் விரித்துவிடுவார் என்று தோன்றியது. என்னால் படுக்க முடியவில்லை. வார்டில் எழுந்து நடந்தேன். ஜன்னல் வரை பதினெட்டு அடி. நர்ஸ், "ஏம்மா, கால்ல சக்கரமா?" என்று சத்தம் போட்டு, வந்து படுக்க வைத்தார். அந்த வரியைக் காலியாக விட்டேன். இவ்வளவு செய்துவிட்டு ஒன்றுக்கு ஆள் இல்லாமல் போவது, கழுத்தில் இருப்பதைவிடப் பெரிய விஷயமாக அப்போது தெரிந்தது. ஏன் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

*

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லைப் பற்றி அண்ணன் பேசவில்லை. வாசலில் அவருடைய டிவிஎஸ் நிற்காததைப் பார்த்தேன். நானும் கேட்கவில்லை.

"ரிசல்ட் வராம செம்பட்டிக்காரங்கள வரச் சொல்ல வேணாம்மா" என்றேன்.

"இப்ப வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போகப்போறாங்க. பூவ இடப்பக்கமா முன்னால தொங்கவிட்டா காயம் தெரியாது. பேசாம இரு."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மாவும் அண்ணனும் அவசர அவசரமாக, சீட்டுகளைக்கூடப் படிக்காமல், பதினொன்றையும் சட்டத்தில் பொருத்தி ஆணி அடித்துக் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். பின்பக்கம் காகிதம் ஒட்டி மூடிய பிறகுதான் மாட்ட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். நேரமில்லை. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். தலை நிமிரவே இல்லை. அவருடைய அம்மா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கழுத்தில் அளவெடுக்கும் டேப்பை மறந்து போட்டபடியே வந்திருந்தார். செம்பட்டியில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவராம். நான் காபி கொடுத்து முடித்ததும் அவர் எழுந்து சுவரோரமாக நடந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஏழாவதின் முன்னால் நின்றார்.

தையல் தெரிந்த எந்தப் பெண்ணும் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். ஆணியிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"முடிச்சே காணோம்" என்றார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இந்தா, மூணாவது வரிசையில நூலு மாறிருக்கு. பழையது தீந்துபோச்சாக்கும். இது ஒரு சாயம் கம்மி" என்றார்.

இதை என்னைத் தவிர ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. "ஆமாங்க" என்றேன்.

அதற்குள் அவருடைய கண் கீழே இறங்கிவிட்டது. உதடு அசையப் படித்தார். "எனக்குப் பின்... இது என்ன, நாலு பேர எழுதி அடிச்சு வச்சிருக்கு?"

அம்மா முந்திக்கொண்டார். "அது ஒன்னுமில்லைங்க. மில்லுல வேல பாக்குறவல்ல, எதுக்கெடுத்தாலும் ஒரு சீட்டு ஒட்டுவா. நேரத்துக்கு ஒரு பேர எழுதுவா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் கழுத்தில் இடப்பக்கம் முன்னால் தொங்கிய பூவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர் எனக்கு மாமியாராக வரக்கூடும். ஆனால் மூன்றாவது வரிசையைப் பார்க்கத் தெரிந்தவரிடம் அந்தப் பொய் வரவில்லை.

"இல்லைங்க. கழுத்துல ஒரு கட்டிய எடுத்திருக்காங்க. என்னன்னு செவ்வாக்கெழமைதான் தெரியும். நான் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதுக்காக எழுதினேன்."

அவர் அந்தச் சட்டத்தை ஆணியில் மாட்டினார். சாய்ந்திருந்ததை நேராக்கினார். "சாமிக்கு வேண்டிக்கம்மா" என்றார். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வைத்த பஜ்ஜி அப்படியே இருந்தது.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "நாக்குல சனி. அம்புட்டுப் பேரு முன்னால..." மதினி போய் ஏழாவதைக் கழற்றித் திருப்பிப் படித்தார்.

"நாலாவதா என்ர பேரு" என்றார். "அதையும் அடிச்சிட்டீங்களாக்கும்."

"மதினி..."

"ஒம்போது நாளு கட்டிலுக்குக் கீழ படுத்துக் கெடந்தனுங்க அம்மிணி. மேல இருந்து இதத்தான் எழுதிட்டிருந்தீங்களா?" சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அன்று இரவு என்னோடு பேசவில்லை.

*

செவ்வாய்க்கிழமை காத்திருப்போர் அறையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா, நான், மதினி. டோக்கன் எண் முப்பத்தொன்று. சர்ஜன் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"டிபிதான்" என்றார். "புத்து இல்ல."

கட்டிக்குள் பாலாடைக்கட்டி மாதிரி வெண்மையாகத் திசு செத்திருக்கிறதாம். அது டிபிக்கு அடையாளம். நெஞ்சில் இல்லாமல் கழுத்துக் கணுவில் மட்டும் இருப்பதால் இருமலில் பிறருக்குப் பரவாது. ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது, குணமாகிவிட்டது என்று தோன்றினாலும் நிறுத்தக் கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அன்றைக்கு என்னுடையது மாதிரியே இல்லை.

வெளியே வந்ததும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா பிள்ளையாருக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே குரலைத் தாழ்த்தி, "டிபின்னு வெளிய மூச்சு விட்டுராதீங்க. மஞ்சக்காமாலன்னு சொல்லிக்குவோம்" என்றார்.

"அத்தை, கழுத்துல வாற மஞ்சக்காமாலைங்களா?" என்றார் மதினி.

செம்பட்டிக்குப் போன்மூலம் உண்மையைச் சொல்லச் சொல்லி அண்ணனிடம் சொன்னேன். சொன்னார். பத்து நாளில் தரகர் வந்து, ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் இல்லையாம் என்றார். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அன்று மில்லில் ஒரே நூலை மூன்று தடவை சோதித்தேன்.

ஆறு மாதம் மாத்திரை. முதல் மாதம் காலையில் வாந்தி. மதினி மாத்திரைக்கு அரை மணி கழித்து கஞ்சியோடு வந்து நிற்பார். மூன்றாம் மாதம் போன எடை திரும்பியது. ஆறாவது மாதம் முடிந்து சர்ஜன் கழுத்தைத் தடவிப் பார்த்து, "போ, போய் வேலையப் பாரு" என்றார்.

அன்று சாயங்காலம் சட்டங்களை இறக்கிச் சீட்டுகளைப் பிய்த்தேன். பத்தில் "எனக்குப் பின்" வரியைக் கத்தரித்துவிட்டு மீதியை ஒட்டினேன். ஏழாவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழப்போகிறேன் என்று தெரிந்த பிறகும் அந்தக் காலி வரி என்னை விடவில்லை.

மதினி கதவோரம் நின்று பார்த்தார். "அது யாருக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. செத்தாத்தான் குடுக்கோணுமா?"

"அவங்க வேணாம்னு சொன்னவங்க மதினி."

"உங்களத்தான வேண்டாம்னாங்க. துணிய இல்லீங்களே." பிறகு கேட்டார்: "வேண்டாம்னவங்க வீட்டுக்குப் போறதுக்கு ரோசமா இருக்குதா?"

"இல்ல."

"அப்பச் சரி. ஞாயித்துக்கெழமை போயிட்டு வந்தரலாம். அத்தைகிட்ட ஒட்டன்சத்திரம் போறம்னு சொல்லிக்கறேன்."

*

செம்பட்டியில் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தோம். அந்த அம்மா தையல் மிஷினில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் பெடலில் கால் நின்றுவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு, "வாங்க" என்று எழுந்தார். நாற்காலியில் கிடந்த ரவிக்கைத் துணிகளை அள்ளினார்.

"ஜாதகம்னு சொல்லிவிட்டது நாந்தேன்" என்றார், நாங்கள் உட்காருவதற்கு முன்பே. "பொய்யின்னு ஒனக்குத் தெரியும்ல."

"தெரியும்ங்க."

"ஒத்தப் பிள்ள. பயந்துட்டேன். மாத்தர முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. சரியாப்போச்சு."

"அவனுக்கு ஆவணியில கல்யாணம்" என்றார் தரையைப் பார்த்து.

நான் பையிலிருந்து ஏழாவதை எடுத்துக் கொடுத்தேன். சீட்டு ஒட்டியிருந்த இடம் சுத்தமாக இருந்தது. அவர் வாங்கியதும் திருப்பினார். மூன்றாவது வரிசையில் விரலை வைத்தார்.

"எனக்கு எதுக்குக் குடுக்குற?"

"நீங்கதான் திருப்பிப் பாத்தீங்க."

அவர் வெளிச்சத்துக்குப் போனார். நாங்கள் இருப்பதையே மறந்த மாதிரி வரிசை வரிசையாகப் பார்த்தார். ஓரத்துக்கு வந்ததும் நின்றார். அங்கே என் பெயர் சின்னதாகத் தைத்திருக்கும்.

"வாரவ கேப்பாளே, யாரு ஜெயந்தின்னு."

"பிரிச்சிரட்டுமா? கத்தரிக்கோல் இருக்கு."

அவர் அந்த இடத்தை நகத்தால் தடவினார். "வேணாம். பிரிச்சா ஓட்டை தெரியும். இருக்கட்டும். கேட்டாச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?" என்றார் மதினி.

"போட்டவ நல்லா இருக்கான்னு சொல்றேன்."

காபி கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பி, முக்குரோட்டில் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். குறிப்பேட்டை எடுத்தேன். ஏழு என்று எழுதினேன். அதற்கு நேரே எழுத ஒன்றும் இல்லை. இத்தனை மாதமாக எங்கள் வீட்டில் அவர் மாப்பிள்ளையோட அம்மா, பிறகு செம்பட்டிக்காரம்மா. தரகர் கொடுத்த காகிதத்தில் மாப்பிள்ளை பெயர் இருந்தது, அவருடைய அப்பா பெயர் இருந்தது. இவருடையது இல்லை.

எழுந்தேன்.

"எங்கீங்க போறீங்க? குடுத்ததத் திருப்பி வாங்கவா?" என்றார் மதினி.

"பேரு கேக்கணும் மதினி."

அவர் கண்டக்டரைப் பார்த்து, "ஏனுங்க, இறங்கறோம், பெல் அடிச்சராதீங்க" என்று சத்தம் போட்டபடி என் பின்னாலேயே இறங்கினார்.

அந்த அம்மா இன்னும் வாசல் வெளிச்சத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், கையில் அது.

"எம் பேரா? எதுக்கு?"

"எழுதிக்கிறதுக்கு."

மனு எழுதுகிறவரிடம் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பி. ராஜாமணி. பி-ன்னா எங்க அப்பா, பெரியசாமி. வீட்டுக்காரர் எழுத்தப் போடாத. தையல் படிக்க வச்சது எங்க அப்பாதேன்."

நின்றபடியே எழுதினேன். அவர் எட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார். "இதையும் அடிச்சிராத."